மருந்து வாடை போக்கும் சென்ட்

எழிலு,

கம்பெனி வேன் ஹாரன் அடிக்குது. உன் ஸ்கூல் புராஜெக்டுக்கு வடிச்ச மல்லிகை சென்டை எடுத்து பீரோ மேல வச்சிருக்கேன். ஸ்பிரிட் ஊத்தினதைப் போய் அடுப்புப் பக்கத்துல வச்சிருக்கியே! இன்னைக்கு நீ கேஸ் பத்த வைக்காத. சோறும் புளிக்குழம்பும் மூடி வச்சிருக்கேன், சுட வைக்காம அப்படியே தின்னுட்டுப் போ.

நேத்து என் வேலைச் சேலையில அதை அடிச்சுவிட்டதுக்குக் கத்திட்டேன். ஸ்பிரிட் பட்ட சேலையோட மருந்து கலக்குற ரூமுக்குப் போனா, வாசல்லயே திருப்பி அனுப்பிருவாக. அனுப்பினாக்கூடப் பரவால்ல. யாரும் கவனிக்காம உள்ள விட்டுட்டா? அந்தப் பயம்தான் கோவமா வந்துருச்சு. ஆனாலும், "உன் மேல மருந்து வாடை வருதும்மா"ன்னு நீ சொன்னது எனக்கு உறைச்சுச்சு.

வேற சேலை கட்டிட்டுப் போறேன். நீ சென்ட் அடிச்ச சேலையைத் துவைச்சுறாத, ஞாயித்துக்கிழமை கட்டிக்கிறேன்.

இன்னொண்ணு. பாட்டில்ல "மருந்து வாடை போக்கும் சென்ட்"னு சீட்டு ஒட்டியிருக்க. கண்காட்சிக்கு வர்ற வெளியூர் ஆளுக ஆஸ்பத்திரி மருந்துன்னு நினைப்பாக. வெடிமருந்துன்னு எழுது. யாரு மேல அந்த வாடைன்னு கேட்டா, எங்கம்மா மேலன்னு சொல்லு.