மதிவதனி சொன்ன முறை

அடி அண்ணாமலை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் மதிவதனிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். அந்த ஊர்க் குளிரில் உன் கை வெடிப்பு ஆறியதா? போனில் பேசலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். அதனால்தான் கடிதம். எதிர்வீட்டு ரூக்ஸார் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

கிரிவலப் பாதைக்குப் பின்னால் இருக்கும் செழியனுடைய குப்பைப் பள்ளம் உனக்குத் தெரியும். ஊர்க் குப்பை, ஆஸ்பத்திரிக் குப்பை எல்லாம் வாங்கிக் கொட்டிக் காசு பார்த்தவன். இப்போது அதன்மேல் செம்மண் அடித்து, புல் பதித்து, அன்னதானக் கூடம் போட்டுவிட்டான். வாசலில் பேனர். பட்டமளிப்பு உடையில் நீ, பக்கத்தில் கும்பிட்டபடி அவன். 'அணு உலை நிலத்தையே மூடும் நம்ம ஊர்ப் பொறியாளர் மதிவதனி சொன்ன முறை' என்று போட்டிருக்கிறான். 

இதற்கெல்லாம் காரணம் உன் அப்பாதான். மூடிப்போன அணு உலை நிலத்தில் கெட்ட மண்ணை எடுத்து, களிமண் இறுக்கி, கெட்டி பிளாஸ்டிக் தாள் விரித்து, மேலே மண்ணும் புல்லும் போடுவீர்கள், சுற்றிலும் குழாய் இறக்கி வருஷக்கணக்காகத் தண்ணீரைச் சோதிப்பீர்கள் என்று நீ அன்று விவரமாகச் சொன்னாய். அவர் காதில் ஏறியது புல் மட்டும். டீக்கடையில் பெருமையடித்தார், செழியன் பிடித்துக்கொண்டான். மாலை போட்டு அன்னதானக் கமிட்டித் தலைவராகவும் ஆக்கிவிட்டான். மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

போன வாரம் நல்ல மழை. செம்மண் கரைந்து, அழுக்கு நாப்கினும் ஊசியும் வெளியே வந்தன. ஒரு நாய் ரத்தத் துணியை இழுத்துக்கொண்டு போனது. செழியன் இன்னொரு லாரி மண் அடித்தான், முடிந்தது வேலை. அங்கேயே தண்ணீருக்கு போர்வெல்லும் போட்டிருக்கிறான். நானே போய்க் குழாயைத் திறந்து பார்த்தேன். மஞ்சளாக, நுரையோடு, செத்த எலி நாற்றம். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கை கழுவியும் சோறு இறங்கவில்லை. அந்தத் தண்ணீரில்தான் பௌர்ணமிக்கு வருகிற ஜனங்களுக்குச் சாம்பார் கொதிக்கப்போகிறது. இதற்குப் பெயர் புண்ணியமாம். தூ!

உன் அப்பாவிடம் சொன்னேன். "எம் பொண்ணு சொன்னா தப்பா இருக்குமா? மொத டம்ளர் நானே குடிக்கிறேன்னு மைக்ல சொல்லிட்டேன். நீ சும்மா கெட" என்றார்.

என் பேச்சு எடுபடாது. உன் பேச்சுதான் அவருக்கு வேதம். 'நான் அப்படிச் சொல்லவே இல்லை, அந்தத் தண்ணீரை யாரும் தொடாதீர்கள்' என்று நீ ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. அப்பாவுக்குத் தலைகுனிவாகுமே என்று யோசிக்காதே. நாலு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பார், பிறகு சாப்பிட வருவார்.

நீயும் அங்கே கையுறை இல்லாமல் எதையும் தொடாதே. அண்ணாமலையார் உன் உடம்புக்குத் துணையிருக்கட்டும்.

பௌர்ணமி திங்கட்கிழமை. அதற்குள் உன் வீடியோ வராவிட்டால், அந்த முதல் டம்ளரை அவர் கையிலிருந்து பிடுங்கி நான் குடித்துவிடுவேன்.

உன் அம்மா,
சரோஜா