சௌந்தர்யா மேல வந்த பொறாமை

அபிநயா கண்ணுக்கு அம்மா எழுதறது. நான் இங்க சொகமா இருக்கறேன், மாத்திரை தவறாமப் போட்டுக்கறேன், மஸ்கட் வெயில்ல நீயும் சொகமா இருக்கோணும் சாமி. வாய்ஸ் போட்டா உன்ற ஹாஸ்டல் ரூம்ல எல்லார்த்துக்கும் கேட்டுப்போகும்னுதான் டைப் பண்றேன், தப்பு இருந்தா நீயே திருத்திப் படிச்சுக்க. வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டிருக்குது, மழைதான் ஒரு சொட்டு இல்ல, இந்தத் தடவை என்ற ரத்த டெஸ்ட்ல எச்ஐவி கிருமி தெரியவே இல்லையாம், மாத்திரைய உடாமப் போட்டா கிருமி அடங்கிப்போகும்னு யூடியூப்ல ஒரு டாக்டரம்மா சொன்னபடியேதான், அவிய வீடியோ ஒண்ணு உடறதில்ல, மொத லைக் என்றதுதான்.

ஆனா மனசு சரியில்ல கண்ணு, ஒருத்தி மேல பொறாமை. சௌந்தர்யான்னு ஒரு புள்ள, என்னையாட்டவே எச்ஐவிக்குக் கூட்டு மருந்து சாப்புடறவ, நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போனா என்ற பக்கத்துலதான் உக்காருவா. இப்ப எட்டு மாசம், மொதக் கொழந்தை. அக்கா, இன்னொண்ணும் பெத்துக்குவேன், மூணு வருசம் போகட்டும், அது வரைக்கும் காப்பர் டி போட்டுக்கறேன்னு என்னமோ தக்காளி வாங்கறாப்பல சொல்றா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. நீ பொறந்தப்ப எனக்கு எச்ஐவி இருக்குதுன்னு தெரிஞ்சதும், உங்கப்பாவும் நர்சும் வாசல்லயே பேசி முடிச்சு, எனக்குக் கருத்தடை ஆபரேஷன் பண்ணிப்போட்டாங்க. மயக்கம் தெளிஞ்சப்பதான் எனக்கே தெரியும். உனக்கு இது வராம இருந்துதே, அதுல மனசத் தேத்திக்கிட்டேன்.

செவ்வாய்க்கெழமை அவ மாமியா பொன்னாத்தாளும் கூட வந்திருந்தாங்க. என்னையக் காட்டி, பாரு, அமுதா ஒண்ணோட நிறுத்திக்கிட்டா, அந்தப் புள்ள வெளிநாட்டுல சம்பாரிக்குது, உனக்கென்ன கேடு, பிரசவத்தோட ஆபரேஷனும் பண்ணி உட்டுரலாம்னு அவளைச் சொல்லிப்போட்டு, நீயே சொல்லு கண்ணு இவளுக்குன்னு எங்கிட்டக் கேட்டாங்க. சௌந்தர்யா என்ற மூஞ்சியவே பாக்கறா. நான் சொன்னா அந்தம்மா கேக்கும், ஒரு தலையாட்டலு போதும். ஆட்டத்தான் தோணுச்சு, எனக்குக் கெடைக்காதது இவளுக்கு மட்டும் எதுக்குன்னு. பை ஜிப்பைத் தொறந்து தொறந்து மூடிக்கிட்டு இருந்தேன். அப்பறம், வயிறு அவளுதுங்கம்மா, அவளையே கேளுங்கன்னு சொல்லிப்போட்டேன். ஏம்புள்ள, உன்னைய நம்பிக் கேட்டா நீயும் இவகூடச் சேந்துக்கிட்டயான்னு மொறைச்சாங்க. கடைசில, சரி சொல்லித் தொலை, உனக்கு என்னதான் வேணும்னு மருமகளைப் பாத்துக் கேட்டாங்க. அவ சொன்னா. உள்ள போயி கவுன்சிலிங் குடுக்கற மேடத்துகிட்டயும் அதையே சொன்னா.

நல்லது பண்ணிப்போட்டு வந்தா பொறாமை தீரும்னு நெனச்சேன், தீரல. அந்தக் கேள்வி மேலதான் பொறாமை. உனக்கு என்ன வேணும்னு அன்னிக்கு என்னைய ஒருத்தர் கேட்டிருந்தா, நானும் ஒண்ணே போதும்னுதான் சொல்லியிருப்பனோ என்னமோ. ஆனா அது நான் சொன்னதா இருந்திருக்கும்.

இதப் படிச்சுப்போட்டு உடனே போன் பண்ணாத, அழுதுருவேன், ஞாயித்துக்கெழமை பேசிக்கலாம். நேரத்துக்குச் சாப்புடு. ஒரு கொறையும் இல்லாம நல்லாயிரு சாமி.

உன்ற அம்மா
அமுதவல்லி