இருபத்தொன்பது பள்ளங்கள்

மார்ச் 4

என் அன்பு ராசாத்திக்கு,

முதலில் சேதி. பதவி உயர்வுப் பட்டியல் வந்துவிட்டது, என் பெயர் இருக்கிறது! ஏழு வருடமாகக் கார்ப்பரலாகவே காய்ந்துகொண்டிருந்தவன் அடுத்த மாதம் முதல் சார்ஜெண்ட். சம்பளம் ஒரு படி ஏறும். அதைவிடப் பெரிது, குடும்பக் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். இரண்டு அறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஓடுபாதை. விமானம் கிளம்பும்போது பாத்திரமெல்லாம் ஆடுமாம். நம் வாலு அதற்காகவே குதிப்பாள். இனி நீ உன் அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டு இருக்க வேண்டாம்.

ஆனாலும் சந்தோஷம் முழுசாக இல்லை. எங்கள் பிரிவுக்கு இருந்தது ஒரே இடம். அது நெட்டையனுக்குப் போக வேண்டியது. அவனுக்கு என்னைவிட சர்வீஸ் அதிகம், தேர்விலும் நாலு மார்க் கூட. நான் லீவில் வந்த அன்று மதியம், என் ஷிஃப்ட் முடிந்ததும் கருவிப் பெட்டியை வாங்கிக்கொண்டவன் அவன்தான். பெட்டிக்குள் ஸ்பாஞ்சில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்திலேயே ஒரு பள்ளம், மொத்தம் இருபத்தொன்பது. கொடுப்பவனும் வாங்குபவனும் எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். அவன் ஷிஃப்ட் முடியும்போது ஒரு பள்ளம் காலி. ஒரு சின்ன ஸ்பானர் இன்ஜினுக்குள் கிடந்தாலும் விமானமே விழுந்துவிடலாம். மூன்று விமானங்களை நிறுத்தி நாலு நாள் பிரித்துத் தேடினார்கள். கிடைக்கவில்லை. அவன் பெயரை அடித்துவிட்டார்கள். பாவம், யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

உன்
சார்ஜெண்ட் (ஆகப்போகிறவன்)


மார்ச் 10

சார்ஜெண்ட் அய்யாவுக்கு, வணக்கம்.

இனி அப்படித்தான் கூப்பிடுவேன். உங்கள் கடிதத்தை வாசித்துக்கொண்டே அடுப்பில் பாலைப் பொங்கவிட்டேன். அண்ணியிடம் திட்டு. இன்றைக்கு அதுகூட இனித்தது. அண்ணி கெட்டவர் இல்லை. ஆனால், "புது சோப்பு பிரிச்சிட்டியா?" என்று கேட்கிற வீட்டில் ஐந்து வருடம் என்பது நீளம்தான்.

நெட்டையண்ணனை நினைத்தால் மனசு கேட்கவில்லை. வாலு பிறந்தபோது தன் லீவை உங்களுக்கு விட்டுக்கொடுத்தவர் அவர்.

ஒன்று சொல்ல மறந்தேன். துவைக்கப் போட்டுவிட்டுப் போனீர்களே வேலை உடுப்பு, அதன் முழங்கால் பையில் ஒரு குட்டி ஸ்பானர் இருந்தது. பதினேழு என்று பொறித்திருக்கிறது. ஒழுகிக்கொண்டிருந்த சமையலறைக் குழாயை அதை வைத்து நானே முடுக்கிவிட்டேன். "உன் வீட்டுக்காரரால இந்த வீட்டுக்கு ஒரு நல்லது நடந்துச்சு" என்றார் அண்ணி. வரும்போது கொண்டுவரட்டுமா?

அன்புடன்
சார்ஜெண்ட் வீட்டம்மா


மார்ச் 15

ராசாத்தி,

அந்த ஸ்பானரை யாரிடமும் காட்டாதே. ஆழமான தண்ணீராகப் பார்த்துப் போட்டுவிடு. இந்தக் கடிதத்தையும் கிழித்துவிடு.

அன்றைக்கு ரயிலுக்கு நாற்பது நிமிடம்தான் இருந்தது. எண்ணாமலே கையெழுத்துப் போட்டேன். "நீ எண்ணிக்கடா" என்றேன். "உன் கையெழுத்து இருக்கும்போது எதுக்குடா எண்ணணும்? ஓடு, குழந்தை காத்திருக்கும்" என்று அவனும் போட்டுவிட்டான். நான் வேண்டுமென்றா செய்தேன்? இப்போது வாயைத் திறந்தால் என் பெயர் போகும். இரண்டு வருடம் தேர்வு எழுத விடமாட்டார்கள். நீ இன்னும் சோப்புக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். உனக்காகத்தான் சொல்கிறேன். அவன் எப்படியும் தனி ஆள், சமாளித்துக்கொள்வான்.

நான்


மார்ச் 21

உங்களுக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. எனக்கும் ஆசை வந்தது, மறைக்கப்போவதில்லை. ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பாலம் வரைக்கும் போனேன். கைப்பிடிச் சுவரோரம் நின்று அந்தப் பதினேழை விரலால் தடவிப் பார்த்தேன். இது என் சமையலறையில் இருந்தபோது, இதைத் தேடி எத்தனை பேர் மண்டியிட்டுக் கிடந்திருப்பார்கள்? திரும்பி வந்துவிட்டேன்.

உனக்காக என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து என்னை அதில் இழுக்காதீர்கள். அந்த ஜன்னலருகே பாத்திரம் ஆடும்போதெல்லாம் எனக்கு அவர் முகம்தான் வரும். உங்களுக்கு வராதா?

இந்தப் பொட்டலத்தில் ஸ்பானர் இருக்கிறது. தண்ணீரில்தான் போட வேண்டுமென்றால் உங்கள் கையாலேயே போடுங்கள். என்ன செய்தீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். கேட்காமல் இருக்கிறேன் என்று நீங்கள் நிம்மதியாக இருக்கவும் முடியாது.

குழாய் மறுபடி ஒழுகுகிறது. கீழே ஒரு பாத்திரம் வைத்திருக்கிறேன்.

நான்


ஏப்ரல் 3

என் அன்பு ராசாத்திக்கு,

பொட்டலம் வந்து ஆறு நாள் என் தலையணைக்கு அடியில் கிடந்தது. ஆறு நாள்! வெட்கமாக இருக்கிறது. ஏழாம் நாள் காலையில் அதிகாரியின் மேசைமேல் வைத்தேன். "இது இத்தனை நாள் எங்க இருந்துச்சு?" என்றார். "மச்சான் வீட்டுக் குழாயடியில சார்" என்று வாயில் வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

என் பெயர் போய்விட்டது. இரண்டு வருடம் தேர்வு கிடையாது. நெட்டையனுக்கு எண்ணாமல் வாங்கியதற்காக ஓர் எச்சரிக்கை, ஆனால் இடம் அவனுக்கே.

முகாம் வாசலுக்கு வெளியே வாடகைக்கு ஓர் ஒற்றை அறை பார்த்தேன். குவார்ட்டர்ஸ் வரட்டும் என்று காத்திருந்ததில் இதெல்லாம் நமக்குத் தோன்றவே இல்லை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கார்ப்பரல் சம்பளத்தில் வாடகை கையைக் கடிக்கும். வருவாயா என்று கேட்க எனக்கு முகம் இல்லை.

நெட்டையன் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. இன்று ஷிஃப்ட் மாறும்போது கையெழுத்துப் போட்டுப் பெட்டியை நீட்டினேன். அவன் பேனாவை எடுக்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் விரல் வைத்து எண்ணினான். அவன் முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன். இருபத்தொன்பதும் இருந்தன. பிறகுதான் கையெழுத்துப் போட்டான். ஏழு வருடத்தில் அவன் என்னிடம் பெட்டியை எண்ணிப் பார்த்து வாங்கியது இதுதான் முதல் தடவை.

உன்
கார்ப்பரல்


ஏப்ரல் 9

கார்ப்பரல் அய்யாவுக்கு, வணக்கம்.

அந்த அறைக்கு முன்பணம் கொடுத்துவிடுங்கள். பதினெட்டாம் தேதி காலை ரயிலில் நானும் வாலுவும் வருகிறோம். அங்கேயும் துணி தைத்துக் கொடுத்தால் வாடகையில் பாதி தேறும். பாத்திரம் ஆடாது என்று சொன்னதும் வாலுவுக்கு முகம் தொங்கிப்போனது. அண்ணி ஒரு புது சோப்பைப் பிரிக்காமலே என் பெட்டியில் வைத்தார்.

நெட்டையண்ணன் எண்ணட்டும். தினமும் எண்ணட்டும். எப்போதாவது ஒரு நாள் எண்ணாமல் கையெழுத்துப் போடப் போவார். அன்றைக்கு நீங்கள் பேனாவைக் கொடுக்காதீர்கள். எண்ணச் சொல்லுங்கள்.

அன்புடன்
கார்ப்பரல் வீட்டம்மா