தூரக்கண்ணாடிக்கு மூணு கால்

அன்புள்ள மதினி,

நேற்றுப் பேத்தியின் ஞானஸ்நானத்துக்குப் படம் பிடிக்க ஒரு போட்டோக்காரர் வந்திருந்தார். கேமராவை வெளியே எடுப்பதற்கு முன்னால் தன் ஸ்டாண்டின் மூன்று கால்களையும் விரித்து, ஒவ்வொன்றையும் காலால் மிதித்து, அதன் தலையில் உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து அழுத்திப் பார்த்தார். அவ்வளவுதான். காப்பித் தட்டோடு நான் அப்படியே நின்றுவிட்டேன். "அம்மா, கொஞ்சம் நகருங்க" என்று அவர் சத்தம் போட்ட பிறகுதான் நம் பழைய அக்காள்மடத்துக் கரையிலிருந்து திரும்பி வந்தேன்.

நீங்கள் போய் வருஷம் திரும்பப் போகிறது. பூசைக்குச் சொல்லியாயிற்று. ஆனால் சாமியார் உங்கள் பெயரை வாசிப்பதைக் கேட்டால் மட்டும் எனக்கு ஆறாது. உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

சுதந்திரம் வந்து சில வருஷங்களில்தான் நீங்கள் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தீர்கள். நமக்கு ஒரே வயது, முறைக்குத்தான் மதினி. உங்கள் அய்யா கருவாட்டு வியாபாரத்துக்காக நயினார்கோவில் பக்கம் குடியேறியவர். அதனால் கடற்கரைச் சனமாக இருந்தும் நீங்கள் வளர்ந்தது மிளகாய்க் காட்டிலும் மாட்டு வண்டியிலும். வந்த முதல் வாரமே, கட்டுமரத்தைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டிருந்த அண்ணனின் பின்னால் ஓடி, "எப்பங்க வருவீக?" என்று கேட்டுவிட்டீர்கள். கரையே திடுக்கிட்டது. கடலுக்குப் போகிறவரிடம் அதைக் கேட்கலாமா! அண்ணன் துடுப்பைக் கீழே போட்டுவிட்டு அன்றைக்குத் தொழிலுக்கே போகவில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் கேட்கவில்லை. கேட்காத கேள்வி நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் கரையேறும்வரை உங்கள் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. வெயில் ஏறினால் அந்தக் கடல் என்னென்ன வேடிக்கை காட்டும்! கடல் விளிம்பு கரைந்துபோகும். கட்டுமரப் பாய்கள் தண்ணீரை விட்டு எழும்பி வானத்தில் தொங்கும். ஒன்று இரண்டாகும், பிறகு ஒன்றுமே இருக்காது. எங்களுக்கெல்லாம் அது பழகிப்போனது. நீங்களோ ஒவ்வொரு பாய் கரையும்போதும் என் கையைப் பிடித்துக்கொள்வீர்கள், நகம் பதிந்துவிடும்.

"என்னால ஏலாது புள்ள. இந்தக் கரையில இருந்தா பைத்தியம் பிடிச்சிரும். அய்யா வீட்டுக்கே போயிருறேன்" என்று சொல்ல ஆரம்பித்தீர்கள்.

அது அண்ணன் காதுக்குப் போயிருக்க வேண்டும். பாம்பனில் ஒரு கப்பல்காரரிடம் கேட்டு வாங்கி வந்த பித்தளைத் தூரக்கண்ணாடியை உங்கள் மடியில் வைத்தார். "கேக்கத்தான கூடாது. பாத்துக்க" என்றார். அதுவரை அவர் பேசியதிலேயே அதுதான் நீளமான பேச்சு.

பார்க்க முடிந்தால்தானே! கனத்த குழாய், பிடித்த கை நடுங்கும். கை நடுங்கினால் கடலே நடுங்கும். பாய் ஒன்று வட்டத்துக்குள் வரும், உடனே வழுக்கிக்கொண்டு போய்விடும். "சேசு மரி சூசை! இப்ப இருந்தாக, இப்பக் காணுமே!" என்று நீங்கள் அலறியதில், வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து ஓடி வந்தார்கள். கண்ணாடி வந்த பிறகு உங்கள் பயம் கூடித்தான் போயிற்று.

அதற்கு மூணுகால் ஸ்டாண்டு வேண்டும் என்றுதான் நாம் மூவரும் ராமநாதபுரத்துக்கு ரயிலேறினோம். பழைய சாமான் கடையில் இரண்டு கிடைத்தன. ஒன்று நிலம் அளக்கிறவர்கள் வைத்திருந்தது. கனத்த மரம், கால் நுனியில் இரும்புக் கூர். மற்றது ஏதோ ஸ்டுடியோவிலிருந்து வந்தது. ஒல்லியாக, பித்தளைத் திருகோடு மினுக்கும். எனக்கு அந்த மினுக்கியின் மேல்தான் கண். நீங்கள் இரண்டையும் தெருவிலேயே விரித்து நிறுத்தி, தலையில் கையை வைத்து அழுத்தினீர்கள்.

"என்னம்மா, மாட்டுக்குப் பல்லு பாக்குற மாதிரி பாக்குறீக?" என்றார் கடைக்காரர்.

"மாடுன்னா பல்லு பாக்கலாம். இதுக்குக் காலுல்ல பாக்கணும்" என்றீர்கள். பிறகு தீர்ப்பு: "இது காத்துல பறந்துரும். அது மணலுக்குள்ள முங்கிரும்."

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "மூணு கம்ப நிறுத்த இம்புட்டுப் பாடா? நான் கட்டித் தாரேன், வாங்க."

பூவரசங் கம்பு மூன்றை இழைத்து, தலையைக் கயிற்றால் கட்டிக் கொடுத்தார். அழகாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணாடியை அதன் மேல் வைத்துப் பார்த்தால், நடுக்கம் போய் வேறொன்று வந்திருந்தது. அலைமேல் கிடப்பதுபோல் எல்லாம் மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. கட்டுமரத்தை யாரும் இறுக்கிக் கட்ட மாட்டார்கள்; இறுக்கினால் அலை முறித்துப் போடும். கொஞ்சம் இளக்கம் விட்டுத்தான் கட்டுவார்கள். அண்ணனின் விரல்களுக்குத் தெரிந்த கட்டு அது ஒன்றுதான். காய்ந்த மணலில் நிற்க வேண்டியதற்கும் அதையே போட்டிருந்தார்.

"இது மிதக்குதுங்க. நிக்கல."

"இறுக்குனா முறிஞ்சிரும்டி."

"இங்கன என்ன அலையா அடிக்குது?"

"அப்ப ஒங்க அய்யா வீட்டுல போயி, நிக்கிற வண்டியப் பாத்துக்கிட்டு இரு!"

சொன்ன மாத்திரத்தில் அவர் முகம் சுருங்கிப்போனது. நீங்கள் தகரப் பெட்டியை இறக்கிச் சேலைகளை மடித்து வைக்க ஆரம்பித்துவிட்டீர்கள். "நாளைக்கு மத்தியான ரயிலுக்குப் போறேன்" என்றீர்கள். விளையாட்டுக்குச் சொல்கிற முகம் இல்லை அது.

மறுநாள் விடியும் முன்பே அண்ணன் கடலுக்குப் போய்விட்டார். பெட்டியைப் பூட்டிய பிறகு ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. நீங்கள் விறகில் ஓர் ஆப்பு செதுக்கிக்கொண்டு கரைக்கு வந்து, அந்தக் கயிற்றுக் கட்டுக்குள் கல்லால் அடித்து இறக்கினீர்கள், உங்கள் ஊரில் வண்டிக்கு இறக்குவதுபோல். கயிறு முனகியது. "முறியட்டும், பாக்குறேன்!" என்று ஒவ்வோர் அடிக்கும் சொன்னீர்கள். முறியவில்லை. மணலுக்கடியில் பவளக் கல் புதைத்து, அதன் ஓட்டைகளில் கால்களை ஊன்றினோம்.

கடல் நின்றது, மதினி. அத்தனை வெளிச்சத்துக்கும் நடுவில், கண்ணாடிக்குள் ஒரு சின்ன வட்டம் மட்டும் பூசை நேரத்துக் கோவில் மாதிரி அசையாமல் இருந்தது. அதற்குள் பாய்கள் ஒவ்வொன்றாக வந்தன. நீங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

"அண்ணனத் தெரியுதா?"

"தெரியுறாக. கூட்டாளி துடுப்புப் போடுறாரு. இவுக நிக்கிறாக. நெத்தியில கைய வச்சு இங்கனதான் பாக்குறாக."

"வழிக்குக் கரையக் குறி பாக்குறாரு."

"குறி பாக்குறவுக அங்கனயும் இங்கனயும் கழுத்தத் திருப்புவாகளா?" கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை நீங்கள். "என்னையத் தேடுறாக புள்ள. இருக்கேனா, போயிட்டேனான்னு தேடுறாக."

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டினீர்கள். வலைகளுக்கும் குடிசைகளுக்கும் நடுவில் உங்களை அவருக்கு எப்படித் தெரியும்? "உக்காந்துட்டாக" என்றீர்கள். "தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்துட்டாக." அடுத்த நொடி கண்ணாடியை விட்டுவிட்டு ஓடினீர்கள். கரையிலேயே உயரமான மணல்மேட்டில் ஏறி, காற்றில் முந்தானை பறக்க, தன்னந்தனியாக நின்றீர்கள்.

நான் கண்ணாடியில் கண்ணை வைத்தேன். அண்ணன் நிமிர்ந்தார். பிறகு எழுந்து நின்றார்.

பெட்டியைத் திரும்பப் பிரிக்கும்போது, "அவுக தேடுனத நான் பாத்தேன்னு அவுககிட்ட சொல்லிராத. வெக்கப்பட்டுத் தேடாம இருந்துருவாக" என்றீர்கள். அண்ணன் கண்ணை மூடும்வரை நான் சொல்லவே இல்லை. அந்தத் தூரக்கண்ணாடி கொஞ்ச நாளில் துணி சுற்றிப் பரணுக்குப் போய்விட்டது. நீங்கள் மட்டும் தினமும் பாய்கள் திரும்புகிற நேரத்துக்கு அந்த மேட்டில் போய் நின்றீர்கள், காலில் வலு இருந்தவரைக்கும்.

உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது இதுதான். வீட்டுக்கு யாராவது வருகிற நேரமானால், உள்ளே உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்ப்பதில்லை. தெருவுக்கு வந்து, வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடமாகப் பார்த்து நின்றுகொள்கிறேன், மதினி.