மிக்சரில் விழாத அடி

நல்லேப்பிள்ளி
9 ஜனவரி 2025

அன்புள்ள ராஜசேகரா,

நானும் செல்வப்பிரியாவும் சவுக்கியம். என் தொப்பை எங்களைவிட சவுக்கியம். நீ டிரம்ஸ் வாசிக்கும் உங்கள் 'கருமிளகு' ராக் குழு குமுளியில் நடத்திய கச்சேரியின் பென்டிரைவ் வந்தது. சித்தூர் காலேஜில் கேசட் மாற்றிக்கொண்ட காலத்துப் பழக்கம், கூடவே கடிதமும் வைத்திருக்கிறாய். நீதானப்பா மனுசன்.

மேடை மைக்குகளெல்லாம் வந்து சேருகிற மிக்சர் பெட்டியிலிருந்து நேராக எடுத்த பதிவுன்னா அதோட ருசியே தனி! கூட்டத்தில் எவனாவது போனைத் தூக்கிப் பிடித்து எடுத்தால், பாட்டைவிடப் பக்கத்து ஆளின் இருமல்தான் கேட்கும். இதில் ஜோஜோவின் கிடார் காதுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. வயலுக்குத் தண்ணி திருப்பப் போனவன், வரப்பில் நின்றபடி மூணு தடவை கேட்டேன். அதற்குள் தண்ணி பக்கத்து வயலுக்குப் போய், கந்தப்பண்ணன் வந்து ஏசிவிட்டுப் போனார்.

கச்சேரிப் பதிவு சேர்க்கிற எங்கள் குழுவில் வழக்கம்போல மதிப்புரை போட்டிருக்கிறேன். பத்துக்கு எட்டு. உன்னையும் கொஞ்சம் கிண்டல் பண்ணியிருக்கேன், கோவிச்சுக்காதே. நாற்பது பேரும் சிரிச்சு உருண்டுட்டாங்க.

காது மட்டும் இளமையான,
சிவப்பிரகாஷ்


சக்குபள்ளம்
2 பிப்ரவரி 2025

மாப்ள சிவா,

உன் கிண்டல் இங்கயும் வந்து சேர்ந்துச்சு. ரிகர்சல்ல ஜோஜோ சத்தமா வாசிச்சான். 'டிரம்ஸ்காரர் கொசு அடித்துக்கொண்டிருந்தார், கொசுவும் தப்பித்துவிட்டது.' எல்லாரும் சிரிச்சானுக. நானும் சிரிச்சேன். அப்புறம் பதிவைப் போட்டுக் கேட்டானுக. நெசமாவே என் அடி கேக்கலை. 'வயசாயிடுச்சு சேட்டா, மூணாறு நிகழ்ச்சிக்கு வேற ஆள் பாக்கறோம்'னு ஜோஜோ மரியாதையாத்தான் சொன்னான்.

உன்மேல கோவமில்லை. முப்பது வருசமா கேட்டுக் கேட்டுத் தேறின காது, தப்பா சொல்லாது. வீட்டுல ஆனந்திகிட்ட கைவலி, அதான் ரிகர்சலுக்குப் போகலைன்னு சொல்லி வச்சிருக்கேன். ஒண்ணு மட்டும் எழுது. எந்தப் பாட்டுலேர்ந்து கை தளர்ந்துச்சு? தெரிஞ்சா வீட்டுல வாசிச்சுப் பழகலாம்ல.

அன்புடன்,
ராஜசேகர்


நல்லேப்பிள்ளி
8 பிப்ரவரி 2025

அன்புள்ள ராஜசேகருக்கு,

ரெண்டு நாளா போன் அடிக்கிறேன், நீ எடுக்கலை. எடுத்திருந்தா ஏதாவது சொல்லிச் சிரிக்க வச்சுத் தப்பிச்சிருப்பேன்.

உன் கை எந்தப் பாட்டுலயும் தளரலை. குமுளியில் நீங்க வாசிச்ச மாதிரிச் சின்ன மண்டபத்தில் டிரம்ஸுக்கு மைக் வைக்கமாட்டாங்க. அது போடற சத்தமே மண்டபத்துக்குப் போதும். மைக் இல்லாதது மிக்சருக்குப் போகாது, பதிவிலும் விழாது. பாடுறவன் மைக்கில் ஒட்டிவந்த மிச்சம்தான் அதில் கேட்கிற நீ. அன்னிக்கு மிக்சர் பார்த்த லிபினைக் கேட்டேன். "டிரம்ஸுக்கு ஒரு மைக்கும் வைக்கலை சார்"னான்.

அவனைக் கேட்டிருக்கவே வேண்டாம். இந்தப் பதிவுகளைச் சேர்க்கிற எவனுக்கும் முதல் பாடம் அது. எழுதும்போதே எனக்குத் தெரியும். ஆனா கொசு வந்து நாக்கு நுனியில் உக்காந்துடுச்சு, விழுங்க மனசு வரலை. நாற்பது பேர் சிரிக்கணும்னு உன்னைக் காட்டிக்கொடுத்துட்டேன்.

'எந்தப் பாட்டுலேர்ந்து'ன்னு நீ கேட்ட வரியைச் செல்வப்பிரியா படிச்சா. கடிதத்தை மடிச்சு என் சோத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வச்சுட்டு எழுந்து போயிட்டா.

குழுவில் உள்ளதை உள்ளபடி எழுதிட்டேன். ஒருத்தரும் சிரிக்கலை. ஜோஜோவுக்கும் அனுப்பியிருக்கேன். மன்னிச்சுக்கோன்னு எழுதப் போனா, அதுக்கும் பக்கத்தில் ஒரு வேடிக்கையைச் சேர்க்கக் கை துறுதுறுங்குது. இப்பேர்ப்பட்ட வெட்கங்கெட்டவனோடதான் நீ சினேகம் வச்சிருக்கே.

சிவப்பிரகாஷ்


சக்குபள்ளம்
16 மார்ச் 2025

சிவா,

ஜோஜோ வீட்டுக்கே வந்து, தப்பு எங்களோடதுன்னான். ஆனா மத்தவனுக தனியா வாசிச்சுக் காட்டச் சொன்னானுக. எதிர்ல நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டானுக. பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி. இருபது நிமிசம் வாசிச்சேன். திரும்பச் சேத்துக்கிட்டானுக. மூணாறு நிகழ்ச்சியும் நல்லா நடந்துச்சு. உன்னை மன்னிச்சாச்சு, அதை நெனச்சுக் குமையாத. செல்வப்பிரியாவை ஆனந்தி விசாரிச்சா.

முன்னாடியெல்லாம் வாசிக்கையில எனக்கு என் அடியே கேக்காது. சந்தோசமா அடிச்சுக்கிட்டே போவேன். மூணாறுல உன் காதை வச்சுத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். ஒவ்வொரு அடிக்கும் நானே மார்க் போட்டேன். சனம் கைதட்டுனதாம், ஜோஜோ சொல்லித்தான் தெரியும்.

இது எப்ப நிக்கும்னு தெரியலை. அதுவரைக்கும் எழுதாத, போனும் வேண்டாம். நின்னுச்சுன்னா நானே எழுதுறேன்.

ராஜசேகர்