நான்காவது விரல்

பழவேற்காடு,
மே 12, செவ்வாய்.

அன்பு மகள் பூவிழிக்கு,

நானும் உன் நைனாவும் சுகம். உன் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஃபோனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுகிறாய். நைனாவும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அதனால் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். அவருக்குத் தெரியாது.

மார்ச்சில் வார்சாவில் நீ பியானோ வாசித்த நிகழ்ச்சியின் பதிவை, ஒலியை அணைத்துவிட்டு நான்கு முறை பார்த்தேன். இசையை மதிப்பிட எனக்குத் தெரியாது. கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் இருபது வருடமாக நிற்பவளுக்கு அசைவுகளைக் கவனிக்கத் தெரியும். உன் வலது கையின் நான்காவது விரல் உள்ளே மடங்குகிறது. சுண்டுவிரலும் அதன் பின்னால் போகிறது. கடைசிப் பகுதியை நடுவிரலை வைத்தே சமாளித்தாய். போன வருடப் பதிவில் இது இல்லை. கேட்டதற்கு, "அது புது ஃபிங்கரிங்மா, உனக்குப் புரியாது" என்றாய்.

நேற்று சந்தியாவிடம் பேசினேன். உன்னோடு ஒரே வீட்டில் இருப்பவள், அவளைக் கோபித்துக்கொள்ளாதே; நான்தான் விடாமல் கேட்டேன். சாப்பிட, பொத்தான் போட எல்லாம் உன் கை சரியாக வருகிறதாம். பியானோவில் வைத்தால் மட்டும் விரல்கள் சுருண்டுகொள்கின்றனவாம். ஆறு மாதம் வாசிக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லியும், வேறொருவரிடம் ஊசி போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மேடை ஏறப்போகிறாயாம்.

இந்தக் கோளாறைப் பற்றித் தேடிப் படித்தேன். சிலருக்குக் கை பழைய நிலைக்குத் திரும்பியிருக்கிறது. மற்றவர்களைப் பற்றி எழுத மாட்டேன். பயம் என்ற சொல்லை நான் அதிகம் பயன்படுத்துவதில்லை என்று உனக்குத் தெரியும். பயமாக இருக்கிறது.

உனக்கு எட்டு வயதிருக்கும்போது, கங்காதரன் மாமா கரையில் நண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நீ ஓடிப்போய்க் கையை நீட்டினாய். "நண்டு கவ்வுனா, நானா போயி அந்தப் பொட்டிய வாசிக்கிறது?" என்று அவர் போட்ட சத்தத்தில் அழுதுவிட்டாய். "டீச்சரம்மா பொண்ணு கை இன்னா கண்ணாடில செஞ்சிக்குதா?" என்று இறால் பிரிக்கும் பெண்கள் சிரிப்பார்கள். ஆனால் அவர்களும் உன்னை அரிவாள்மனைப் பக்கம் விட்டதில்லை. கெளுத்தி முள், நண்டுக் கொடுக்கு, படகுக் கயிறு என எல்லாவற்றிலிருந்தும் ஊரே சேர்ந்து உன் கையைக் காத்தது. பியானோவிடமிருந்தும் காக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

உன் நிகழ்ச்சி நம் நேரப்படி மாலை மூன்றரை மணிக்கு. மீனவர் சங்கக் கட்டடத்தில் மாமா பெரிய திரை கட்டுகிறார். அன்று யாரும் ஏரிக்குப் போவதில்லை என்று முடிவாகிவிட்டது. "புள்ள வாசிக்கும்போது எவனாவது வாயத் தொறந்தான், ஏரில தூக்கிப் போட்டுருவேன்" என்று எல்லோரையும் மிரட்டி வைத்திருக்கிறார். அவர்கள் நடுவே உட்கார்ந்து அந்த ஒரு விரலைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

ஏறாதே, பூவிழி. இந்த ஊருக்காகவோ நைனாவுக்காகவோ ஏறுவதாக இருந்தால் அந்தக் கவலை வேண்டாம். அம்மாதான் பிடிவாதமாக நிறுத்திவிட்டாள் என்று சொல்லிக்கொள்கிறேன். உடனே நம்புவார்கள். மாமா ஒரு மாதம் என்னோடு பேசமாட்டார். பரவாயில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. பதிமூன்று வயதில், பொன்னேரியிலிருந்து ரயிலேறிச் சென்னைக்கு வகுப்புக்குப் போய்வந்த ஒரு சனிக்கிழமை, "விரல் வலிக்குதும்மா" என்றாய். இன்னும் பத்து முறை வாசித்துவிட்டு எழுந்திரு என்றேன். வாசித்தாய். உனக்கு வார்சா இசைக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது அந்தப் பத்து முறையைப் பெருமையாக எல்லோரிடமும் சொன்னேன். அதற்குப் பிறகு வலி என்ற சொல்லை நீ என்னிடம் சொன்னதே இல்லை. இது எனக்கு இந்த வாரம்தான் உறைத்தது.

ஊசிக்குப் போகும் முன் என்னைக் கூப்பிடு. வகுப்பில் இருந்தாலும் எடுப்பேன். வலிக்கிறது என்று மட்டும் சொல். போதும், எழுந்திரு கண்ணு என்று ஒரு முறையாவது நான் சொல்லிக்கொள்கிறேன்.

உன் கைக்கு ஒன்றும் ஆகக் கூடாது.

அம்மா