பூஜ்ஜியம் பைட்

திருவண்ணாமலை,
ஞாயிறு, பகல் பதினொரு மணி

அன்புத் தம்பி ரசூலுக்கு, அக்கா உம்மே ஹானி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உன் மேலும் கவிநிலா மேலும் அல்லாஹ்வின் கருணை இறங்கட்டும்.

போனை எடுப்பதில்லை என்று நீ முடிவு செய்துவிட்டதால் கையால் எழுதுகிறேன். நம்மைப் பெத்த அத்தா இறந்த அன்று நான் கூப்பிட்டபோது, அவர் முகத்தைப் பார்க்க எனக்கு என்னக்கா உரிமை இருக்குது என்று கேட்டுவிட்டு வைத்தாய். இன்றோடு முப்பத்து மூன்று நாள். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது.

அம்மா நன்றாக இருக்கிறார் என்று எழுதினால் பொய். சுகர் ஜாஸ்தி, சாப்பாடு கம்மி. அத்தாவுக்காக இத்தா இருப்பதால் இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் வாசலைத் தாண்ட முடியாது. இல்லாவிட்டால் ரயில் ஏறி புனேவுக்கே வந்து உன் கதவைத் தட்டியிருப்பார்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பக்கவாதத்தில் அத்தாவுக்குப் பேச்சு போய், வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் மிஞ்சியதை உனக்குச் சொல்லியிருந்தேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அடி அண்ணாமலைக் கொட்டகையில் மைக் செட்டைப் போட்டு உட்கார்ந்து, கிரிவலக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளைக் கூப்பிட்ட மனுஷன். முதலில் பேர், பிறகு வயது, கடைசியில், "உங்க அம்மா இங்க காத்துக்கிட்டு இருக்காங்க, எங்க இருந்தாலும் வந்து சேரவும்." அந்தக் குரல்காரர் தண்ணீர் கேட்க முடியாமல் கிடந்தார்.

காலேஜில் பதினோரு வருடமாக சி புரோகிராமிங் நடத்துகிறேன். பெத்தவருக்கு உதவாத படிப்பு எதற்கென்று என் பழைய லேப்டாப்பில் ஒன்று எழுதினேன். எழுத்துகள் திரையில் ஒவ்வொன்றாக வந்துபோகும். வேண்டிய எழுத்து வரும்போது அத்தா ஸ்பேஸ் பட்டனை அழுத்தினால் அது கீழே பதியும்.

முதலில் putchar என்ற கட்டளையைப் போட்டேன். அது ஒரு தடவைக்கு ஒரு பைட்டைத்தான் வெளியே விடும். தமிழ் எழுத்துக்குக் குறைந்தது மூன்று வேண்டும். திரையில் கட்டம் கட்டமாகக் குப்பை வந்தது. எழுத்தின் பைட்டுகளைச் சேர்த்து ஒரே ஸ்ட்ரிங்காக வைத்து puts போட்டேன். அது ஒவ்வொரு தடவையும் தானாகவே அடுத்த வரிக்குத் தாவிவிடும். அத்தா அழுத்திய 'பசி', மேலே ஒரு எழுத்தும் கீழே ஒரு எழுத்துமாக நின்றது. பாதி முகத்தால் சிரித்தார். படுத்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். பிறகு fputs போட்டேன், எல்லாம் ஒரே வரியில் அடங்கி உட்கார்ந்தன.

நான் வேலையில் இருக்கும்போது அவர் எழுதுவதை வந்து படிக்க வேண்டுமே என்று, அதே fputs வழியாக ஒரு ஃபைலிலும் பதிய வைத்தேன். நாளுக்கு ஒரு ஃபைல். 'ரசத்தில் உப்பு.' 'ஃபேன் கம்மி.' 'ஹானி சாப்பிட்டியா.' இப்படித்தான் இருக்கும். உன் பேர் மட்டும் எதிலும் இல்லை. நீ அத்தாவை மீறிக் கவிநிலாவைக் கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து ஐந்து வருடம் அவர் வாயில் வராத பேர், விரலிலும் வரவில்லை. ஆனால் கடை வாசலில் 'ரசூல் சவுண்ட் சர்வீஸ்' பலகையைக் கழற்ற யாரையும் விட்டதில்லை.

கடைசிச் செவ்வாய்க்கிழமை மதியம், அத்தா இரண்டு மணி நேரம் விடாமல் அழுத்தினாராம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரல் வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தாராம். நான் வீடு வர அரை மணி நேரம் இருக்கும்போது கரண்ட் போனது. அந்த லேப்டாப்பின் பேட்டரி செத்து ஒரு வருடமாகிறது.

தம்பி, fputs எழுதுவது நேராக ஃபைலுக்குப் போகாது. நடுவில் ஓரிடத்தில் சேர்ந்து கிடக்கும். அந்த இடம் நிரம்பினாலோ, ஃபைலை மூடினாலோதான் உள்ளே போகும். உடனே போகவேண்டுமானால் fflush என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அதை விட்டுவிடும் பிள்ளைகளுக்கு இரண்டு மார்க் குறைப்பவள் நான். நான் விட்டுவிட்டேன். தினமும் சாயங்காலம் நானே ஒழுங்காக மூடியதால் தப்பு வெளியே தெரியவில்லை. கரண்ட் வந்ததும் திறந்தேன். அன்றைய ஃபைலில் பூஜ்ஜியம் பைட்.

அத்தாவின் விரலை எடுத்துப் பட்டன் மேல் வைத்து, இன்னொரு தடவை அழுத்துங்க அத்தா என்று கெஞ்சினேன். விரல் நழுவி விழுந்தது. மறுநாள் காலை போய்விட்டார். வந்தவர்கள் எல்லாம் என்னைத் தேற்றினார்கள். எதற்காக அழுகிறேன் என்று யாருக்கும் தெரியாது.

அம்மாவுக்கு அரபி படிக்கத் தெரியும், தமிழ் படிக்கத் தெரியாது. போன வாரம் திடீரென்று சொன்னார்: "அதுல ஒண்ணு மட்டும் எனக்குத் தெரிஞ்சிதுமா. நம்ம கடைப் பலகையில இருக்குதே, அது." பலகையின் முதல் வார்த்தை ரசூல். கடைசி நேரத்தில் ஓதும் கலிமாவிலும் ரசூல் என்று வருகிறதே, சாகப்போகிறவர் அதை எழுதியிருக்கலாமே என்று, எந்த இடத்தில் இருந்தது என்று கேட்டேன். "மேல. எல்லாத்துக்கும் மொதல்ல" என்றார். கலிமாவில் அது முடிவில்தான் வரும். அத்தா எழுதியது உன் பேர்.

மீதி என்னவென்று எனக்குத் தெரியாது. உன்னை மன்னித்துவிட்டார் என்றே எழுதிவிடலாம் என்று பார்த்தேன். கிழித்த இரண்டாவது தாளில் அதுதான் இருந்தது. அத்தா பேரில் பொய் சொல்ல மனசு வரவில்லை. திட்டியும் இருக்கலாம். ஆனால் திட்டுவதென்றால் அவருக்கு நாலு எழுத்து போதும், உனக்கே தெரியும். இரண்டு மணி நேரம் ஆகாது. உனக்கென்று வந்ததைத் தொலைத்தவள் நான். முடிந்தால் என்னை மன்னித்துவிடு.

வருகிற ஞாயிறு அத்தாவுக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதுகிறோம். நாளைக் காலை முதல் வேலையாக இதை ஸ்பீட் போஸ்டில் போட்டுவிடுவேன். அத்தா விட்ட இடத்திலிருந்து நான் சொல்கிறேன், கேள்.

ரசூல். வயது முப்பத்தொன்று. உங்க அம்மா இங்க காத்துக்கிட்டு இருக்காங்க. எங்க இருந்தாலும், கவிநிலாவையும் கூட்டிக்கிட்டு, வந்து சேரவும்.

துஆவுடன்,
அக்கா உம்மே ஹானி